தொம்மைக்குப் பேச்சு வரவில்லை

தொம்மாசோவுக்கு இருபது மாதமாகியும் பேச்சு வரவில்லையே என்று தாயும் தகப்பனும் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள். பகல் முழுவதும் அவனை வைத்திருக்கிற செலஸ்ரீனாவுக்கோ, அவனுடைய வாயை ஐந்து நிமிடத்துக்காவது மூடவைக்க என்ன வழி என்று தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே பிள்ளை. கவலை மட்டும் அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வேகமான இத்தாலியத்தில் நடந்தது. செலஸ்ரீனாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கும் இல்லை. இந்தக் கூத்து எத்தனை நாளைக்கு ஓடும் சொல்லுங்கள்?

செலஸ்ரீனா மன்னார்ப் பக்கம், பேசாலை. வயது நாற்பத்தெட்டு. பலேர்மோவுக்கு வந்து பதினெட்டு வருடம். முதல் பதினொரு வருடமும் பல்லாரோ சந்தைக்கு மேலே, நாலாம் மாடியில் ஒரு கிழவரைப் பார்த்தாள். சிஞ்ஞோர் நீனோ என்று பெயர். தொண்ணூற்றொரு வயதில் கண்ணை மூடும்வரை அந்த மனிதர் ஒழுங்கான இத்தாலியம் பேசியதே கிடையாது, வாயைத் திறந்தால் சிசிலிப் பாசைதான். அதனால் செலஸ்ரீனாவின் இத்தாலியம் ஒரு தனித் தினுசு. வினைச்சொல்லுக்கெல்லாம் ஒரே உருவம்: சாப்பிட, தூங்க, போக, வர. நடுநடுவே சந்தைக் கிழவர்களின் சொல். கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கிற வரிசையில்கூட அது போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகு சில வீடுகள் மாறி, இப்போது ஒன்றரை வருடத்துக்கு மேலாக இந்த வீடு. தாய் ஃபெதெரிக்கா, செலஸ்ரீனாவுக்குச் சிஞ்ஞோரா, ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை. தகப்பன் சால்வோ மருந்துக்கடை வைத்திருந்தான். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளே செலஸ்ரீனாவின் கையில் வந்து விழுந்தான். தொம்மாசோ என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வளையவில்லை. வளையவேண்டிய அவசியமும் இல்லை. எங்களுடைய பக்கத்தில் அந்தப் பெயருள்ள புனிதருக்குத் தொம்மை என்று நல்ல பெயர் இருக்கும்போது அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? முதல் நாளே அவன் தொம்மை ஆகிவிட்டான்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சிஞ்ஞோரா ஒரு தாள் ஒட்டியிருந்தாள். பத்தரைக்குப் பழம். பன்னிரண்டுக்கு உயரக் கதிரையில் இருத்திச் சாப்பாடு, கரண்டியை அவனே பிடிக்கவேண்டும். ஒரு மணிக்குத் தன்னுடைய கட்டிலில் தனியாக நித்திரை. அழுதால் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் போய்ப் பார்ப்பது. தலை ஈரமாக இருந்தால் பால்கனிப் பக்கமே விடக்கூடாது. இந்தக் கடைசி விசயத்தில் பலேர்மோக்காரருக்கு இருக்கிற பயம் செலஸ்ரீனாவுக்கு விளங்கவே இல்லை. கடற்கரையில் பிறந்த அவளுக்கு ஈரத்தலை ஒரு சாமானா?

ஐந்து நிமிடக் கணக்கு அதைவிட மோசம். "அஞ்சு நிமிசம் அழவிட்டுப் பாக்க அவனென்ன குழாய்த் தண்ணியே, கலங்கல் தெளியுதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்க" என்று அவள் வீட்டில் வந்து கணவனிடம் கேட்டாள். ஆனால் சிஞ்ஞோராவிடம் கேட்கவில்லை. தாளுக்குத் தலையாட்டிவிட்டுத் தன்பாட்டில் நடந்துகொண்டாள்.

தன்பாடு என்றால் இதுதான். பன்னிரண்டு மணிக்குச் சிஞ்ஞோரா அவித்து வைத்த பொடி மக்கரோனியும் சீமைப் பூசணியும் உயரக் கதிரைக்கு முன்னால் வரும். தொம்மை இரண்டு கரண்டி நிலத்தில் கொட்டுவான், ஒரு கரண்டி தலையில் பூசுவான். தாளுக்கு மரியாதை முடிந்தது. அதன்பிறகு செலஸ்ரீனா தன்னுடைய டப்பாவைத் திறப்பாள். குழையக் காய்ச்சிய சோறு, பருப்பு, முள் பார்த்து உதிர்த்த மீன். அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கையால் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக்குவாள். ஒன்று புறாவுக்கு, ஒன்று எதிர்வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற மாமிக்கு, ஒன்று மூன்று சில்லு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கத்தரிக்காய் விற்கிறவனுக்கு. பெயர்தான் அவர்களுக்கு, உருண்டை எல்லாம் தொம்மையின் வாய்க்குள். வாய் ஓயாது இரண்டு பேருக்கும். அவளுடைய ஊரில் பிள்ளை வளர்ப்பது பாதி கையால், பாதி வாயால்.

இன்னொன்று. இந்த ஊரில் பிள்ளையைக் கண்டால் முகத்துக்கு நேரே அழகன், பேரழகன் என்று வாய் நிறையச் சொல்லுகிறார்கள். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொல்லுவார்கள். செலஸ்ரீனாவுக்கு நெஞ்சு பதறும். உடனே அவன் கன்னத்தைத் தடவி, "பழுதான பிள்ளை, ஒண்டுக்கும் உதவாது, கள்ளன்" என்று கண்ணேறு கழித்துவிடுவாள். சால்வோ தள்ளுவண்டியின் அடியில் மனைவிக்குத் தெரியாமல் கண்ணேறுக்கு ஒரு சிவப்புக் கொம்பு கட்டி வைத்திருந்தான். அதைக் கண்டபிறகு அந்த மனிதன்மேல் அவளுக்குத் தனி மதிப்பு. விசயம் தெரிந்த ஆள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை சிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் பால்கனிக் கம்பியெல்லாம் செம்புழுதி. தலையிடி என்று சிஞ்ஞோரா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே செலஸ்ரீனாவுக்கும் தொம்மைக்கும் கதை நடந்துகொண்டிருந்தது.

"இன்னும் வேணுமோ?"

"ஓம்."

"மீனோ, சோறோ?"

"மீனு."

"கள்ளா. நீ மீனை மட்டும் பொறுக்கித் திண்டால் சோத்தை ஆர் தின்னுறது?"

"நீ."

செலஸ்ரீனா விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் கதவு நிலையில் சிஞ்ஞோரா. முகம் வெளிறிப் போயிருந்தது.

"செலெஸ்தீனா, என் மகன் இப்போது ஓம் என்று சொன்னானா?"

"சொல்ல, சிஞ்ஞோரா. எப்பவும் சொல்ல."

"என் தங்கை யோகா வகுப்புக்குப் போகிறாள். கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்கிறார்கள். இவனுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறோம். என்னைக் கேட்காமல் உங்கள் மந்திரத்தை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?"

ஓம் என்றால் ஆம், சி, அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். செலஸ்ரீனா அதைச் சொன்னாளா? பரம்பரைக் கத்தோலிக்கக்காரியைப் பார்த்து மந்திரம் என்றால் அவளுக்கு வேறெதுவும் நினைவில் நிற்குமா? சோற்றுக் கையோடு கழுத்துச் செபமாலையை இழுத்து வெளியே போட்டாள். "நான் கிறிஸ்தவள், சிஞ்ஞோரா. ஞாயிறு பூசை போக. மடு மாதா. என்ரை மாமா ஒராள் பாதிரி. நான் மந்திரம், ஒருநாளும் இல்லை." பேசாலைக் கோயிலின் பெருநாள் வரைக்கும் போனாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

சிஞ்ஞோரா கையை உயர்த்தி நிறுத்தினாள். "சரி. அப்படியானால் கள்ளா என்றால் என்ன? அதையும் எந்த நாளும் கேட்கிறேன்."

இதற்கு மட்டும் செலஸ்ரீனாவிடம் சுத்தமான இத்தாலியச் சொல் இருந்தது. "லாத்ரோ" என்றாள். திருடன்.

பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. சிஞ்ஞோரா கத்தவில்லை. குசினிக் கதிரையில் உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். போன கிழமை பிள்ளை வைத்தியரிடம் போனார்களாம். இந்த வயதுக்கு இருபது சொல்லாவது வேண்டுமாம். தொம்மாசோவிடம் இரண்டுதான் இருக்கிறதாம்: மம்மா, பல்லா. பந்துக்குத்தான் பல்லா. மூன்று கிழமை கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாராம்.

"அவன் கதைக்க, சிஞ்ஞோரா" என்றாள் செலஸ்ரீனா. "நிறையக் கதைக்க. நாள் முழுக்கக் கதைக்க."

"அது சத்தம், செலெஸ்தீனா. சொல் இல்லை." அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். "உங்கள் மொழி அவனைக் குழப்புகிறது. இன்றையிலிருந்து அவனோடு இத்தாலியம் மட்டும். அதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் அவனைச் சிறுவர் காப்பகத்தில் சேர்க்கத்தான் வேண்டும். எனக்கு விருப்பமில்லை. ஆனால் வேறு வழியில்லை."

காப்பகம் என்றால் செலஸ்ரீனாவுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. அது அவளுக்கு விளங்கியது. ஆனால் தன் வீடு இருக்கிற சீசாவுக்குப் போகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளை அறுத்தது வேலை அல்ல. சத்தமாம்.

சீசாவில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி. கணவன் கிறிகோரி அன்றைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் மத்தியான வேலை மட்டும் முடித்து வந்து, கடையில் மிஞ்சிய கணவாயை வெட்டிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருடமாக அந்தக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் மீன் வெட்டுகிற கை. மகள் கிளறா, பதினாறு வயது, மேசையில் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செலஸ்ரீனா செருப்பைக் கழற்றமுன்னமே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"லாத்ரோ எண்டே சொன்னனீர்?" கிறிகோரி கத்தியைக் கீழே வைத்தான்.

"கள்ளன் எண்டால் லாத்ரோதானே. வேறை என்னெண்டு சொல்லுறது?"

"தாயின்ரை முகத்தைப் பாத்துப் பிள்ளையைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு, சம்பளத்தோடை வந்திருக்கிறீர். நல்ல சனம் அது."

"சிரிக்காதேங்கோ. எனக்கு நெஞ்செல்லாம் எரியுது."

"அம்மா, பிரிகாந்தே எண்டு சொல்லியிருக்கலாம்" என்றாள் கிளறா. "இஞ்சை எல்லாத் தாய்மாரும் சொல்லுறவை. அதுவும் கொள்ளைக்காரன்தான், ஆனா செல்லம்."

"கொள்ளைக்காரன் செல்லம், கள்ளன் கூடாதோ? இது என்ன ஞாயமடி?"

"அது சரி, ஓம் எண்டால் என்னெண்டு சொன்னனீங்களோ?"

செலஸ்ரீனா வாயைத் திறந்தாள், மூடினாள். "மடு மாதாவே. அதைச் சொல்லேல்லை."

இந்த முறை கிறிகோரி அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கணவாய்க் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிளறா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். செலஸ்ரீனாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் கண்ணீரும் வந்துவிட்டது.

"நாளைக்குப் போய்ச் சொல்லும்" என்றான் கிறிகோரி.

"சொல்லி? அது சத்தமாம். சொல்லு இல்லையாம். அவன் என்னோடை கதைக்கிறதெல்லாம் சத்தமாம். அவ தாய். அவ சொல்லுறதைக் கேக்கத்தானே வேணும். நான்தான் பிள்ளையைப் பழுதாக்கிப்போட்டனோ ஆருக்குத் தெரியும்."

"இனி என்ன செய்யப் போறீர்?"

"இத்தாலியன்தான் கதைக்கப் போறன்."

கிளறா தலையை நிமிர்த்தினாள். "அம்மா, நீங்கள் கதைக்கிறது இத்தாலியன் இல்லை. அது சிசிலியானோ. அதுவும் தொண்ணூறு வயசுக் கிழவன்ரை. நீங்கள் கதைச்சால் அவன் நாளைக்கு மூக்குப்பொடி கேப்பான்."

"அப்ப நீ சொல்லித் தா."

அன்று மாலை கணவாய்க் கறி அடுப்பில் கொதிக்கக் கொதிக்க வகுப்பு நடந்தது. தண்ணி வேணுமா, பசிக்குதா, வா போவம். கிளறா சொல்ல, செலஸ்ரீனா திருப்பிச் சொன்னாள். கிளறா ரீச்சர் மாதிரிக் கரண்டியால் மேசையில் தட்டினாள். நாலாவது வசனத்தில் செலஸ்ரீனா சலித்துப்போய், "அவனோடை இப்பிடிக் கதைச்சால் கெஸ்தூராவிலை விசாரிக்கிற மாதிரியெல்லே இருக்கு" என்றாள்.

கிளறா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "என்னோடை சின்னனிலை அவனோடை கதைக்கிற மாதிரிக் கதைச்சனீங்களோ?"

செலஸ்ரீனா கறியைத் துழாவினாள். "உன்னைக் கன்னியாஸ்திரிமாரிட்டை விட்டிட்டுக் கிழவனைப் பாக்கப் போனன். பின்னேரம் வந்து தூக்கேக்கை நீ நித்திரை. நீ முதல் சொன்ன சொல்லு என்னெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. சிஸ்ரர் ஒராள் சொன்னவ, மறந்துபோனன்."

"பரவாயில்லை அம்மா" என்றாள் கிளறா. எழுந்து வந்து தாயின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, கறியில் உப்புப் பார்த்தாள். உப்புக் காணாது என்றாள்.

அடுத்த நாளிலிருந்து செலஸ்ரீனா சொன்ன சொல் தவறவில்லை. தொம்மை காலையில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "செலா, தூக்கு" என்றான். அவள் கிளறா சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொன்னாள். அவன் பார்த்தான். "தண்ணி" என்றான். அவள் "அக்குவா" என்றாள். அவன் இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக, அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தவன்போல, "தண்ணி" என்றான். "அக்குவா, தொம்மாசோ." தொம்மாசோ என்று அவள் கூப்பிட்டதும் அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான் போலும்.

பால்கனியில் புறா வந்தது, கத்தரிக்காய் வண்டி வந்தது. உருண்டைக்குப் பெயர் வைக்க அவளிடம் பாசை இல்லை. சும்மா ஊட்டினாள். நாலாம் நாள் அவன் உருண்டையை வாங்காமல், இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாய்க்குள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பேச்சு எங்கே போய்விட்டது என்று தேடினான். செலஸ்ரீனா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். பெற்ற பிள்ளையை ஏமாற்றுவதுபோல இருந்தது அவளுக்கு.

இரண்டாம் கிழமை தொம்மை பேசுவதை விட்டுவிட்டான். இப்போதுதான் உண்மையாகவே அந்த வீட்டில் பேச்சு வராத பிள்ளை ஒன்று இருந்தது. கை நீட்டிக் காட்டினான், முனகினான், சோறும் குறைந்தது. ஒரே ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, சிஞ்ஞோர் நீனோவின் வாயிலிருந்து நாளுக்கு நாற்பது முறை கேட்ட சிசிலிச் சொல் செலஸ்ரீனாவையும் மீறி வெளியே வந்துவிட்டது: "கமுர்ரியா." தொல்லை, சனியன் என்று பொருள், பெரிய இடத்தில் சொல்லக்கூடாத சொல். தொம்மை நிலத்தில் இருந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான். அத்தனை நாளில் அவன் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

வைத்தியரிடம் திரும்பப் போகவேண்டிய நாளும் சிரொக்கோவாகவே விடிந்தது. வெள்ளை உடுப்பைக் கண்டால் தொம்மை வீரிட்டு அழுவான், அதனால் செலஸ்ரீனாவையும் வரச்சொன்னாள் சிஞ்ஞோரா. வைத்தியர் அறுபது தாண்டிய பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கொழுவித் தொங்கவிட்டிருந்தாள். தடித்த மட்டைப் படப்புத்தகம் ஒன்றைத் தொம்மைக்கு முன்னால் விரித்து, நாய் எங்கே என்று இத்தாலியத்தில் கேட்டாள். அவன் தொட்டுக் காட்டினான். கோழி எங்கே? காட்டினான். இது என்ன? வாய் திறக்கவில்லை. இது? இல்லை. அவன் செலஸ்ரீனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள்.

வைத்தியர் எழுதத் தொடங்கினாள். "முதலில் காது பரிசோதிப்போம். பிறகு ஒரு நரம்பியல் வைத்தியர் பார்க்கட்டும். திங்கட்கிழமையே காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்." சிஞ்ஞோராவின் கையில் கைத்துடைப்புத் தாள் துண்டு துண்டாகக் கிழிந்து மடியில் விழுந்தது.

செலஸ்ரீனாவுக்கு வைத்தியர் சொன்னதில் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதி போதும். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் வாயாடிப் பிள்ளையை ஊமை என்று எழுதிப் போடுவார்கள். வேலை கிடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடியமுன்னமே அவள் நிலத்தில் முழந்தாளிட்டு இருந்தாள்.

"தொம்மை, இஞ்சை பார். இது என்ன?"

அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "நாய்" என்றான்.

"இது?"

"கோழி."

"இது, ராசா?"

"மீனு. பொரிச்ச மீனு."

"செலெஸ்தீனா" என்றாள் சிஞ்ஞோரா. வைத்தியர் கையைக் காட்டி அவளை இருக்கச் செய்துவிட்டு, பேனாவை எடுத்தாள். "நிறுத்தவேண்டாம். சொல்வதெல்லாம் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

பதினைந்து நாள் அடைத்து வைத்த வாய். பிறகு அதை யார் நிறுத்துவது? மாடு. பூனை நித்திரை. பஸ் போகுது. குடை. வாழப்பழம் தா. மூக்கு, பல்லு, சப்பாத்து. மழை, ஓடு. செலஸ்ரீனா மூச்சு வாங்க மொழிபெயர்த்தாள், வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். மீசை வைத்துப் பையோடு நின்ற தபால்காரனின் படம் வந்தது. தொம்மை அதை விரலால் குத்தி, "கள்ளன்" என்றான்.

"இது என்ன சொன்னான்?"

செலஸ்ரீனா சிஞ்ஞோராவைப் பார்த்தாள். "பிரிகாந்தே" என்றாள் மெல்ல.

"எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்றாள் வைத்தியர். கோடுகளை எண்ணினாள். "இரண்டு சொல் என்று எனக்குச் சொன்னீர்கள். நான் முப்பத்தொன்று எண்ணினேன், புத்தகம் இன்னும் முடியவில்லை. அதிலும் வசனம் பேசுகிறான். நான் இத்தாலியத்தில் கேட்டதும் எல்லாம் விளங்கிக் காட்டினான். இந்த அம்மா அவனோடு பேசுவதை யார் நிறுத்தச் சொன்னது?"

சிஞ்ஞோரா மடியில் கிடந்த தாள் துண்டுகளைப் பொறுக்கினாள். வைத்தியர் குனிந்து, வீட்டுக்குப் போகவேண்டுமா என்று தொம்மையிடம் இத்தாலியத்தில் கேட்டாள். அவன், "ஓம்" என்றான்.

"ஓம் என்றால்?"

"சி" என்றாள் செலஸ்ரீனா.

"சியா?" சிஞ்ஞோரா எழுந்துவிட்டாள். "வெறும் சியா? அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"சிஞ்ஞோரா மந்திரம் கேட்க. நான் மாதா சொல்ல."

வைத்தியர் இன்னொரு பக்கத்தைத் திருப்பப் போனாள். தொம்மைக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தை இரண்டு கையாலும் தள்ளி, பல்லாரோ சந்தையே திரும்பிப் பார்க்கிற குரலில், "கமுர்ரியா" என்றான். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்" என்றாள். சிஞ்ஞோரா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று செலஸ்ரீனா பயந்து போனாள். சிஞ்ஞோராவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தார்கள். தெருவோரத்து மரங்கள் ஊதாப் பூவைக் கொட்டி நடைபாதையை மூடியிருந்தன. தொம்மை செலஸ்ரீனாவின் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பூவாக மிதித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னான். வேலை போகுமா இல்லையா என்று செலஸ்ரீனாவுக்கு இன்னும் தெரியாது. சிஞ்ஞோரா வாங்கில் உட்கார்ந்து பையைத் துழாவிக் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"திங்கட்கிழமை வழக்கம்போல வாருங்கள்" என்றாள் முதலில். "அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன். ஈரத்தலையைத் தவிர." பிறகு, "இன்னொன்று கேட்கவேண்டும். இரவில் கட்டிலில் போட்டுவிட்டு நான் கதவைச் சாத்தி வரும்போது இவன் ஒரு பாட்டுப் பாடுவான். ஒரே பாட்டு, எந்த நாளும். எவ்வளவு அழகு தெரியுமா. பதிந்து என் தங்கைக்கெல்லாம் அனுப்பினேன். அது என்ன பாட்டு? நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?"

செலஸ்ரீனா தொலைபேசியைக் காதோடு வைத்தாள். இருட்டில் சின்னக் குரல் இழுத்து இழுத்துச் சொன்னது. மம்மா, கித்த வா. கித்த வா, மம்மா. கித்த வா.

பாட்டுத்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தத் தாய் சந்தோசமாக வீட்டுக்குப் போவாள். செலஸ்ரீனா ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பிள்ளை சொன்ன சொல்லைத் தாய்க்குத் தெரியாமல் வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் துக்கம் அவளுக்குத் தெரியும்.

"பாட்டு இல்லை, சிஞ்ஞோரா" என்றாள். "பக்கத்தில் வர. அவன் சொல்ல, மம்மா, பக்கத்தில் வர."

சிஞ்ஞோரா தொலைபேசியைப் பார்த்தாள். "ஐந்து நிமிடம்" என்றாள். "கதவுக்கு வெளியே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு... நான் சிரித்துக்கொண்டு பதிந்தேன், செலெஸ்தீனா." இந்த முறை அவள் உண்மையாகவே அழுதாள். செலஸ்ரீனா பக்கத்தில் உட்கார்ந்து, கூட வேலை செய்கிறவர்களின் முதுகைத் தடவுகிற மாதிரி அவள் முதுகைத் தடவினாள். "தெரியாமல்தானே" என்று தமிழில்தான் சொன்னாள். அதற்கு இத்தாலியம் கிளறா இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிஞ்ஞோரா மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்தாள். "எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொல்லுங்கள்."

"கிட்ட வா."

"கித்தா வா."

"சரி. அது போதும்."

அலுவலகத்துக்குப் போடுகிற நல்ல பாவாடையோடு அவள் பூவும் புழுதியும் கிடந்த நடைபாதையில் முழங்காலில் இருந்தாள். இரண்டு கையையும் விரித்தாள். "தொம்மை" என்றாள், தொம்மாசோ என்று சொல்லவில்லை. "கித்தா வா."

தொம்மை நின்றான். தாயின் வாயைப் பார்த்தான். நிமிர்ந்து செலஸ்ரீனாவைப் பார்த்தான், நீதான் சொன்னாயோ என்று. அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் பிடித்திருந்த விரலை விட்டான். ஓடின ஓட்டத்தில் நெற்றியும் நெற்றியும் டக்கென்று முட்டிக்கொண்டன. யாரும் அழவில்லை. செலஸ்ரீனாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அதற்கு மேலே நெஞ்சு கொள்ளாத சந்தோசமும் இருந்தது.

தாயின் கழுத்துக்குள்ளே முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் ஏதோ முனகினான். சிஞ்ஞோரா அவனை இறுக்கிக்கொண்டே தலையைத் திருப்பினாள்.

"செலெஸ்தீனா, நான் எங்கும் போகவில்லை என்பதற்கு என்ன சொல்வது?"

"போகேல்லை."

சிஞ்ஞோரா அதை அவன் காதுக்குள் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை சரியாக வந்தது.